முன்பிரதிகளுக்கு இனி மதிப்புரை எழுதுவதில்லை: முடிவும் காரணங்களும்

திண்ணைவாசி

நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத் துப்பறியும் நாவல்கள், வரலாற்று நாவல்கள் பற்றி நான் தொடர்ந்து எழுதிவருவது இங்கே பலருக்குத் தெரியும். அவற்றில் பெரும்பகுதி, கடைக்கு வருவதற்கு முன்பே என் கைக்கு வந்த புத்தகங்கள். இனி அந்தப் பிரதிகளைக் கேட்பதில்லை, தானாக வந்தாலும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். யார் மீதும் கோபம் கிடையாது. நிறைய யோசித்துத்தான் எடுத்த முடிவு என்பதால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்காக முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க, பிரிட்டிஷ் பதிப்பகங்கள் ஒரு புத்தகம் வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே, மெய்ப்புத் திருத்தம் முழுதாக முடியாத ஒரு வடிவத்தை நூலகர்கள், கடைக்காரர்கள், பத்திரிகைகள், பதிவர்கள் ஆகியோருக்குக் கொடுக்கும். இதைத்தான் ஏஆர்சி (அட்வான்ஸ் ரீடர் காப்பி), அதாவது முன்பிரதி என்கிறோம். முன்பெல்லாம் அச்சுப் பிரதி மட்டும்தான். 2008இல் முன்பிரதிகளை மின்கோப்பாகக் கொடுக்கும் நெட்கேலி என்ற இணையதளம் வந்தபிறகு கோவையில் உட்கார்ந்தபடியே கிண்டிலில் வாங்கிப் படிக்க முடிந்தது. எடெல்வைஸ் இன்னொரு தளம். எங்கே எழுதுகிறோம், எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று சொல்லி விண்ணப்பித்தால், பதிப்பகம் பார்த்துவிட்டுக் கொடுக்கும் அல்லது மறுக்கும். பணம் கைமாறாது. நாம் ஒரு கருத்து எழுதி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வாங்கியவற்றில் எத்தனைக்குக் கருத்து அனுப்பினோம் என்ற விகிதம் நம் பக்கத்தில் தெரியும்படி இருக்கும். 80 சதவீதம் வைத்திருப்பது நல்லது என்று நெட்கேலியே சொல்கிறது. அடுத்த விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பதிப்பகத்தார் கண்ணிலும் அந்த எண் படும். ஐம்பதாவது பக்கத்திலேயே சலித்துப்போன ஒரு நாவலை, சொந்தக் காசில் வாங்கியிருந்தால் மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்திருப்பேன். முன்பிரதியாக இருந்தால் முடிக்க வேண்டும், அதைப் பற்றி ஏதாவது எழுதவும் வேண்டும். சலித்துப்போய்ப் படித்த புத்தகத்தைப் பற்றி எழுதும்போது மொழி தானாகவே பொதுவாகிவிடுகிறது. 'விறுவிறுப்பான நடை', 'பாத்திரங்கள் மனதில் நிற்கிறார்கள்' என்று எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும் வரிகள்தான் வருகின்றன. அப்படிப்பட்ட வரிகளைப் படித்துவிட்டு ஒருவர் எழுநூறு ரூபாய் கொடுத்து ஒரு நாவலை வாங்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, நாள்காட்டி. எந்த வாரம் எதைப் படிப்பது என்பதை வெளியீட்டுத் தேதிதான் முடிவு செய்கிறது. அமெரிக்காவில் புதிய புத்தகங்கள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் வெளியாகும். அந்தச் செவ்வாயை ஒட்டி மதிப்புரை வந்தால் நல்லது என்று பதிப்பகம் நினைப்பது இயல்புதான். ஆனால் அலமாரியில் பத்து, இருபது வருடத்துக்கு முந்தைய நல்ல நாவல்கள் காத்திருக்கின்றன. அவற்றுக்கு எந்தச் செவ்வாயும் கிடையாது என்பதால் அவற்றின் முறை வருவதே இல்லை.

மூன்றாவது காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. திருத்தப்படாத பிரதியிலிருந்து மேற்கோள் காட்டக் கூடாது, இறுதிப் பதிப்போடு ஒப்பிட்ட பிறகே காட்டலாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும். நியாயமான நிபந்தனைதான். ஆனால் ஒரு வரியைக்கூட எடுத்துக் காட்டாமல் ஒருவருடைய நடையைப் பற்றி எப்படி எழுதுவது? அதோடு வரலாற்று நாவல்களின் முன்பிரதிகளில் வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் 'வரைபடம் பின்னர்' என்ற குறிப்புதான் பல நேரம் இருக்கும். எது வரலாறு, எது கற்பனை என்று ஆசிரியர் விளக்கும் பின்குறிப்பும் சில பிரதிகளில் இருக்காது. அந்த வகை நாவலை மதிப்பிட அந்தப் பின்குறிப்பு எவ்வளவு தேவை என்பது படிப்பவர்களுக்குத் தெரியும்.

கையில் மீதமிருக்கும் பிரதிகளுக்கு ஒப்புக்கொண்டபடி கருத்து அனுப்பிவிடுவேன். அதற்குப் பிறகு வாங்கியது, நூலகத்தில் எடுத்தது, நண்பர்கள் கொடுத்தது மட்டுமே.

மழைக்கால வாசிப்பு

நல்ல முடிவு. போன வருடம் நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது, 1950களின் பழைய துப்பறியும் நாவல் ஒன்றைப் பற்றிய நீண்ட கட்டுரைதான். புதுப் புத்தகங்களைப் பற்றிய குறிப்புகளில் அந்த நிதானம் இருக்காது.

கடைக்குப் பின்னறை

லண்டனில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்க்கிறேன். உங்கள் முடிவை மதிக்கிறேன். ஆனால் இந்த ஏற்பாடு யாருக்காகத் தொடங்கியது என்பதையும் சேர்த்துப் பேசினால் நன்றாக இருக்கும்.

1933இல் நியூயார்க்கில் வர்ஜீனியா கிர்கஸ் என்பவர் பதிப்பகங்களிடம் மெய்ப்புத் தாள்களை வாங்கிப் படித்து, எந்தப் புத்தகம் எப்படி என்று கடைக்காரர்களுக்குச் செய்திமடல் அனுப்பத் தொடங்கினார். இன்றைய கிர்கஸ் ரிவ்யூஸ் என்ற மதிப்புரை இதழின் தொடக்கம் அதுதான். கடைக்காரருக்கு முன்கூட்டியே ஏன் தெரிய வேண்டும்? எத்தனை பிரதி ஆர்டர் போடுவது என்று புத்தகம் வருவதற்கு முன்பே அவர் முடிவு செய்தாக வேண்டும். எங்கள் கடையின் பின்னறையில் மெய்ப்புப் பிரதிகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். யாருக்கு எது பிடிக்குமோ வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிப்போம். 'இந்த அறிமுக எழுத்தாளருடைய நாவலை இரண்டுக்குப் பதில் இருபது வாங்கலாம்' என்று ஒருவர் அடித்துச் சொன்னால் அது நடக்கும். எந்த விளம்பரமும் இல்லாத ஒரு நாவல் முன்மேசைக்கு வருவது அப்படித்தான்.

அங்கே படிப்பவரும் முடிவெடுப்பவரும் ஒரே ஆள். பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை, யாரும் விகிதம் கேட்க மாட்டார்கள். அந்த ஏற்பாட்டை அப்படியே பதிவர்கள் பக்கம் நீட்டியபோதுதான் 'கருத்து எழுதியாக வேண்டும்' என்பது சேர்ந்துகொண்டது.

திருத்தப்படாத பிரதி பற்றிச் சொன்னீர்கள். முதல் ஹாரி பாட்டர் நாவலின் மெய்ப்புப் பிரதி 1997இல் 200தான் அச்சானது. அதன் தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயரே 'ஜே.ஏ. ரோலிங்' என்று தவறாக இருக்கும். இன்று ஏலத்தில் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகிறது. இப்போதும் பெயர்பெற்ற எழுத்தாளர்களின் மெய்ப்புப் பிரதிகள் வெளியீட்டுக்கு முன்பே இபேயில் விற்பனைக்கு வந்துவிடுகின்றன. 'விற்பனைக்கு அல்ல' என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தும்தான். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

இரு மொழிக்காரி

நான் இந்த முடிவோடு உடன்படவில்லை, திண்ணைவாசி. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கிறேன். சின்னப் பதிப்பகங்களோடுதான் என் வேலை எல்லாம்.

பெரிய பதிப்பகத்துக்கு விளம்பரத்துக்குப் பணம் இருக்கிறது. விமான நிலையக் கடையில் முன்வரிசை வாங்கிவிடுவார்கள். இரண்டு மூன்று பேர் மட்டும் வேலை பார்க்கும் ஒரு மொழிபெயர்ப்புப் பதிப்பகத்திடம் என்ன இருக்கிறது? நெட்கேலியில் போட்ட கோப்பும், நாற்பது ஐம்பது பேருக்கு அனுப்பிய மின்னஞ்சலும்தான். வெளியீட்டு நாளில், வாசகர்கள் நட்சத்திரமும் கருத்தும் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் அந்தப் புத்தகத்தின் பக்கம் காலியாக இருந்தால் 'யாருமே படிக்காத புத்தகம்' என்று பார்ப்பவர் நகர்ந்துவிடுகிறார். நாலு பேர் பொறுப்பாக எழுதிய கருத்து இருந்தால் நின்று பார்க்கிறார். அந்த நாலு பேரில் தமிழ் தெரிந்த, பின்னணி தெரிந்த ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! கொங்கு நாட்டுக் கிராமத்தில் நடக்கும் கதையைப் பற்றி அமெரிக்கப் பதிவர் ஒருவர் 'அன்னியமான உலகம், பெயர்கள் குழப்புகின்றன' என்று எழுதுவார். நீங்கள் அப்படி எழுத மாட்டீர்கள்.

உங்களைப் போன்றவர்கள் விலகினால் அந்த இடத்தை நிரப்பப் போவது யார்? எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள்தான். அமேசானில் 31,000க்கும் மேற்பட்ட மதிப்புரைகள் எழுதிய ஹாரியட் க்ளாஸ்னர் என்றொரு அம்மையார் இருந்தார். 2006இல் டைம் இதழ் அவரைப் பற்றி எழுதியது. முன்னாள் நூலகர், மிக வேகமாகப் படிப்பவர். ஆனால் கிட்டத்தட்ட எல்லாப் புத்தகத்துக்கும் நான்கோ ஐந்தோ நட்சத்திரம்தான். அதிலிருந்து எந்த வாசகர் என்ன தெரிந்துகொள்ள முடியும்? கவனமாகப் படிக்கிறவர்கள் உள்ளே இருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

திண்ணைவாசி

இரு மொழிக்காரி, நீங்கள் சொன்னதில் ஒரு பாதி என்னை நன்றாகவே தொடுகிறது. மற்றொரு பாதியில் எனக்கு வேறு கருத்து.

பெருமாள்முருகனின் பூக்குழி 2013இல் தமிழில் வந்தது. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2016இல் வந்தது. சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்கு வந்தது 2023இல், பிரிட்டனில் பதிப்பித்த பிறகு. தமிழில் வந்து பத்து ஆண்டு, ஆங்கிலத்தில் வந்து ஏழு ஆண்டு. இடையில் அந்த நாவலை யார் பேசிக்கொண்டிருந்தார்கள்? வெளியீட்டு வாரத்தில் எழுதியவர்கள் அடுத்த வாரமே அடுத்த புத்தகத்துக்குப் போயிருப்பார்கள். இரண்டு வருடம் கழித்து, நான்கு வருடம் கழித்துக் கையில் எடுத்து, 'இதைப் படித்தீர்களா?' என்று கேட்டவர்கள்தான் அதை உயிரோடு வைத்திருந்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

அந்த வேலையைத்தான் செய்ய விரும்புகிறேன். முதல் வாரத்தில் ஒரு மொழிபெயர்ப்பு நாவலுக்கு நாலு குரல் வேண்டும், உண்மைதான். ஆனால் ஏழாவது மாதத்தில் ஒரு குரல்கூட இல்லையே? பதிப்பகம் விளம்பரத்தை நிறுத்திவிட்ட பிறகு, கடைக்காரர் மேசையிலிருந்து எடுத்துவிட்ட பிறகு, அதைப் பற்றி முழுதாக, மேற்கோளோடு, கதையின் முடிவையும் சேர்த்துப் பேசும் ஒரு கட்டுரை அந்த எழுத்தாளருக்கு அதிகம் பயன்படும்.

இரு மொழிக்காரி

பூக்குழி உதாரணம் சரியான உதாரணம் இல்லை. ஆங்கிலத்தில் அது வருவதற்கு முன்பே மாதொருபாகன் நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் பெருமாள்முருகன் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்திருந்தது. முதல் முறை மொழிபெயர்க்கப்படும் ஒருவருக்கு ஏழு ஆண்டு காத்திருக்கும் வசதி கிடையாது. முதல் புத்தகம் விற்கவில்லை என்றால் இரண்டாவதை யாரும் எடுக்க மாட்டார்கள். 'ஏழாவது மாதத்தில் வருகிறேன்' என்று நீங்கள் வரும்போது அந்தப் புத்தகம் அச்சில் இல்லாமலும் போகலாம். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன், சண்டைக்காக இல்லை.

பக்கம் புரட்டி

இன்ஸ்டாகிராமில் புத்தகங்களைப் பற்றி வீடியோ போடுகிறேன். இங்கே இந்தியாவில் இன்னொரு கூத்து நடக்கிறது. பெரிய பதிப்பகங்கள் கூரியரில் புத்தகம் அனுப்பும், நிபந்தனை அதிகம் இருக்காது. சொந்தமாகப் பதிப்பித்த எழுத்தாளர்களுக்காக வேலை செய்யும் சில ஏஜென்சிகள்தான் 'பார்ட்டர் கொலாப்' என்று வருவார்கள். புத்தகம் இலவசம், பதிலுக்கு ஒரு ரீல், இரண்டு ஸ்டோரி, அமேசானில் நான்கு நட்சத்திரத்துக்குக் குறையாமல் ஒரு மதிப்புரை. அந்த 'குறையாமல்' என்பதை எழுத்திலேயே கேட்ட ஒரு ஏஜென்சியை நான் பார்த்திருக்கிறேன். முடியாது என்று சொல்லிவிட்டேன். இது சட்டப்படி சரியா என்று யாருக்காவது தெரியுமா?

சட்டக் குறிப்பு

சரியில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்தியாவில் விளம்பரத் தர கவுன்சிலான ஆஸ்கி 2021இல் இன்ஃப்ளூயன்சர்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. பணம் மட்டும் இல்லை, இலவசப் பொருள் வாங்கியிருந்தாலும் அதைப் பார்ப்பவருக்குத் தெரியும்படி குறிப்பிட வேண்டும். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறையும் இதே பொருளில் வழிகாட்டி வெளியிட்டது. பார்ட்டரும் அதில் வரும். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதல் முறை 10 லட்சம், மறுமுறை 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி 2009இல் தன் விதிகளைத் திருத்தியபோதுதான் பதிவர்கள் அதற்குள் வந்தார்கள். 'நேர்மையான மதிப்புரைக்காக இந்தப் பிரதி இலவசமாகக் கிடைத்தது' என்று எல்லோரும் அடியில் எழுதுகிறார்களே, அது அதற்குப் பிறகு பரவிய வழக்கம். 2024இல் வந்த புதிய விதி, இப்படித்தான் எழுத வேண்டும் என்று நிபந்தனை போட்டு மதிப்புரை வாங்குவதை நேரடியாகவே தடை செய்கிறது.

அமேசான் விஷயத்தில் ஒரு தனிக் கதை உண்டு. 2016 அக்டோபரில் இலவசப் பொருளுக்கு ஈடாக மதிப்புரை எழுதுவதை அந்த நிறுவனம் தடை செய்தது. புத்தகங்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது, முன்பிரதி கொடுப்பது காலங்காலமாக இருக்கும் வழக்கம் என்ற காரணத்தைச் சொல்லி. ஆக, பிரதி கொடுக்கலாம். நட்சத்திரத்தைக் கேட்டு வாங்கக் கூடாது.

பக்கம் புரட்டி

மிக்க நன்றி. இதை அப்படியே எங்கள் குழுவில் பகிர்கிறேன். அதில் கல்லூரிப் பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள். புத்தகம் சும்மா கிடைக்கிறதே என்று ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

நூலகத்தில் இருந்து

நான் ரொறன்ரோவில் ஒரு பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கனகாலம் ஆகிவிட்டது. கடைக்குப் பின்னறை சொன்னதோடு எங்கள் பக்கத்தையும் சேர்க்க விரும்புகிறேன்.

நூலகங்கள் பல மாதம் முன்னதாகவே ஓடர் கொடுக்கின்றன. வாசகர்கள் வெளியீட்டுக்கு முதலே பட்டியலில் பேர் பதிகிறார்கள். எந்தப் புத்தகத்துக்கு எத்தனை பிரதி வேண்டும் என்று கணிக்க எங்களுக்கு எடெல்வைஸ் இல்லாமல் முடியாது. அமெரிக்காவில் 2013இல் தொடங்கிய லைப்ரரிரீட்ஸ் என்றொரு பட்டியல் இருக்கிறது. நூலக ஊழியர்கள் முன்பிரதிகளைப் படித்து, அந்த மாதம் வரப்போகும் பத்துப் புத்தகங்களைத் தெரிவு செய்கிறார்கள். ஆருடைய அழுத்தமும் இல்லாமல், படித்துப் பிடித்ததால் மட்டும் பேர் சொல்கிறார்கள். அதனால்தான் அந்தப் பட்டியலுக்கு ஒரு மதிப்பு.

திண்ணைவாசி விலகுவது எனக்கு விளங்குகிறது. எங்களுக்கு இது வேலை. வேலை நேரத்தில் படிக்க முடியாவிட்டாலும் வேலைக்காகத்தான் படிக்கிறோம். அவருக்கு வாசிப்பு என்பது அவருடைய சொந்த நேரம். அந்த நேரத்துக்கும் ஒரு பதிப்பகத்தின் அட்டவணையைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று ஆரும் கேட்க முடியாது. பிந்தி எழுதப்படும் மதிப்புரை நூலகத்துக்கும் நல்லது. புதுப் புத்தகம் எப்படியும் அலுமாரியை விட்டு வெளியே போகும். மூன்றாம் வருடம் ஆரும் எடுக்காமல் இருக்கும் புத்தகத்தைக் கழிப்பதா வைத்திருப்பதா என்று யோசிக்கும்போதுதான், அதைப் பற்றி எங்கேயாவது ஆராவது நல்லதாகச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுகிறோம்.

குரல் வழி வாசிப்பவன்

எனக்குப் பார்வை கிடையாது. ஸ்கிரீன் ரீடர் வழியாகவும் ஒலிப்புத்தகமாகவும் படிக்கிறேன். மதுரைக்காரன்.

இந்த இழையில் முன்பிரதியைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அச்சுப் புத்தகம் வெளிவந்து, அது எங்களுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாறி, கைக்கு வருவதற்குள் மற்றவர்கள் பேசி முடித்திருப்பார்கள். புத்தகங்களைப் பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் மாற்றப் பதிப்புரிமை தடையாக இல்லாமல் செய்யும் மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014இல் முதலில் ஏற்ற நாடு இந்தியாதான். 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் வந்தது. பெரிய உதவிதான், ஆனால் புதுப் புத்தகத்துக்கு அங்கேயும் காத்திருக்க வேண்டும். 2020இல் நெட்கேலி ஒலிப்புத்தகங்களையும் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான், ஒரு நாவலை எல்லோரும் பேசும் அதே வாரத்தில் நானும் பேச முடிந்தது. சில நேரம் மற்றவர்களுக்கு முன்பே. அந்தச் சந்தோஷத்தை என்னால் விட முடியாது.

திண்ணைவாசி அக்கா விலகுவதை நான் குறை சொல்லவில்லை. 'முன்பிரதி வாங்குபவர்கள் எல்லோரும் விளம்பரத்துக்கு வேலை செய்கிறார்கள்' என்று இங்கே யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

திண்ணைவாசி

தம்பி, இதை நீங்கள் எழுதியது மிகவும் நல்லதாயிற்று. அந்தப் பொது முடிவுக்கு நானும் வரவில்லை. உங்களுக்கு அது திறந்துவிடும் கதவு, எனக்கு வேறு மாதிரி வேலை செய்கிறது. நீங்கள் அந்த வாரத்திலேயே எழுதுங்கள். ஒலிப்புத்தகத்தில் வாசிப்பவரின் குரல் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதுவதை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

மழைக்கால வாசிப்பு

குட்ரீட்ஸ் பற்றி ஒரு கேள்வி. புத்தகம் வெளிவருவதற்கு முன்பே நட்சத்திரம் போட ஏன் அனுமதிக்கிறார்கள்?

கடைக்குப் பின்னறை

முன்பிரதி படித்தவர்கள் எழுத வேண்டும் என்பதற்காகத் திறந்து வைத்த வாசல் அது. ஆனால் படித்தவர் யார், படிக்காதவர் யார் என்று சரிபார்க்க அங்கே வழியில்லை. 2023 ஜூனில் எலிசபெத் கில்பர்ட் ரஷ்யாவைக் களமாகக் கொண்ட தன் அடுத்த நாவலை அறிவித்தபோது, உக்ரைன் போரை முன்னிட்டு நூற்றுக்கணக்கானவர்கள் ஒரு நட்சத்திரம் போட்டார்கள். அவர்களில் யாரும் அந்த நாவலைப் படித்திருக்க முடியாது. அவர் வெளியீட்டையே நிறுத்தி வைத்தார். போர்க்காலத்தில் உக்ரைன் வாசகர்களின் வேதனையை நான் குறைத்துப் பேசவில்லை. அதைச் சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த எண் ஒரு நாவலின் தரத்தைச் சொல்லும் எண்ணாக அந்தப் பக்கத்தில் இருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில், முதல் நாவல் வெளிவரக் காத்திருந்த ஓர் எழுத்தாளர் போலிக் கணக்குகள் தொடங்கி, தன்னைப் போலவே முதல் நாவலோடு வரவிருந்த மற்றவர்களுக்கு ஒரு நட்சத்திரமும் தன் புத்தகத்துக்கு ஐந்து நட்சத்திரமும் போட்டது வெளியே வந்தது. பதிப்பகம் அவருடைய புத்தகத்தைக் கைவிட்டது. வெளியீட்டுக்கு முந்தைய அந்தச் சில வாரங்களுக்கு எவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறோம் என்று பாருங்கள்.

பழைய இதழ்

என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பேச்சு முழுக்கப் புதிது. தமிழ் இதழ்களில் 'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்' என்று ஒரு வரி இருக்கும். வெளிவந்த புத்தகத்தைத்தான் அனுப்புவார்கள். மதிப்புரை எழுத முடியாதவற்றை 'வரப்பெற்றோம்' என்று பட்டியல் போட்டுவிடுவார்கள். புத்தகம் வாங்கியதற்குப் பதிலாக மதிப்புரை எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, அந்தப் பட்டியலே போதும். ரொம்ப நல்ல ஏற்பாடு என்று இப்போது தோன்றுகிறது.

நம் ஊரில் அச்சுக்கு முன்பே படிப்பவர் அணிந்துரை எழுதுபவர்தான். அது புத்தகத்துக்குள்ளேயே அச்சாகிவிடும். அதை மதிப்புரை என்று எந்த வாசகரும் எடுத்துக்கொள்வதில்லை. நண்பர் வாழ்த்துகிறார் என்று தெரிந்துதான் படிக்கிறோம்.

திண்ணைவாசி அம்மாவுக்கு ஒரு தகவல். ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் மதிப்புரையாளரின் பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தபாலில் வந்து குவியும், தனக்குத் தொடர்பே இல்லாத புத்தகங்களைப் பற்றி உணர்ச்சி இருப்பதுபோல் எழுதித் தள்ளும் ஒருவருடைய நிலைமை அதில் இருக்கிறது. அவர் சொன்ன தீர்வு: பெரும்பாலான புத்தகங்களை விட்டுவிடுங்கள், முக்கியமாகத் தோன்றும் சிலவற்றுக்கு மட்டும் மிக நீளமாக எழுதுங்கள், குறைந்தது ஆயிரம் சொற்கள். நீங்கள் எடுத்திருக்கும் முடிவும் அதுதான் என்று நினைக்கிறேன்.

திண்ணைவாசி

நன்றி ஐயா. 'வரப்பெற்றோம்' பட்டியலைப் பற்றி நீங்கள் சொன்னது முக்கியம். கிடைத்ததை ஒப்புக்கொள்வதும் அதை மதிப்பிடுவதும் தனித்தனி வேலை என்பதில் அந்த இதழ்களுக்குத் தெளிவு இருந்திருக்கிறது.

சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி நம்மிடமும் இதே நெருக்கடி வந்துகொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். டிசம்பரிலும் ஜனவரியிலும் புத்தகங்கள் மொத்தமாக வருகின்றன. காட்சி முடிவதற்குள் எல்லோரும் எல்லாவற்றைப் பற்றியும் இரண்டு வரி எழுதிவிடுகிறார்கள். மார்ச்சில் அதே புத்தகங்களைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஒரு நாவலாசிரியர் நாலு வருடம் உட்கார்ந்து எழுதியதற்கு மூன்று வாரப் பேச்சு போதுமா? இந்தக் கவலை எனக்கு ஆங்கிலப் புத்தகம், தமிழ்ப் புத்தகம் என்ற வேறுபாடு இல்லாமல் இருக்கிறது.

இரு மொழிக்காரிக்கு: நீங்கள் இரண்டாவது முறை எழுதியதைப் படித்து யோசித்தேன். முன்பிரதி வாங்குவதில்லை என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் தமிழிலிருந்து முதல் முறையாக ஆங்கிலத்துக்குப் போகும் எழுத்தாளரின் புத்தகத்தை முன்பதிவு செய்து, வந்த உடனே படித்து எழுத என்னால் முடியும். அதற்கு முன்பிரதி தேவையில்லை. வெளியீட்டுக்கு முந்தைய ஆர்டர்தான் சின்னப் பதிப்பகத்துக்குக் கருத்தைவிட அதிகம் உதவும் என்று கடைக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வரவிருக்கும் புத்தகங்களின் பட்டியலை இங்கேயே ஒரு தனி இழையாகப் போடுங்கள். நானும் இன்னும் சிலரும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இரு மொழிக்காரி

இதை ஏற்கிறேன். முன்பதிவு உண்மையிலேயே உதவும். எத்தனை அச்சடிப்பது என்று முடிவு செய்யும்போது அந்த எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். இருந்தாலும் முதல் நாளில் நாலு பொறுப்பான கருத்து வேண்டும் என்ற என் கட்சி அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டியல் போடுகிறேன். இந்தியப் பதிப்பு தனியாக இருக்கிறதா, விலை என்ன என்பதையும் சேர்த்தே போடுகிறேன். வெளிநாட்டுப் பதிப்பின் விலையைப் பார்த்தே பலர் விட்டுவிடுகிறார்கள்.

பக்கம் புரட்டி

ஒரு நடைமுறைச் சந்தேகம். நெட்கேலியில் ஏற்கெனவே அனுமதி கிடைத்த புத்தகத்தைப் படிக்க முடியவில்லை என்றால் என்ன செய்வது? விகிதம் குறைந்துகொண்டே போகிறது.

குரல் வழி வாசிப்பவன்

கருத்து அனுப்பும் இடத்திலேயே, இந்தப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதப் போவதில்லை என்று தெரிவிக்க வழி இருக்கும். ஏன் என்று பதிப்பகத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள். 'எனக்கான புத்தகம் இல்லை' என்பதே போதும். அமைதியாக இருந்துவிடுவதைவிட அது மேல். இன்னும் அனுமதி வராமல் நிற்கும் விண்ணப்பங்களை நீங்களே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

நூலகத்தில் இருந்து

திண்ணைவாசி, முதலில் எந்தப் பழைய புத்தகத்தை எடுக்கப் போகிறீர்கள்? எங்கள் நூலகத்தில் இருந்தால் நானும் கூடவே படித்துக் கதைக்கலாம்.

திண்ணைவாசி

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் நடக்கும் ஒரு துப்பறியும் தொடரின் முதல் பாகம் வாங்கி வைத்து வெகுகாலமாகிறது. இன்று பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், உங்கள் நூலகத்தில் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்களிடம் இருக்கும் ஒன்றை நீங்கள் சொல்லுங்கள், நான் இங்கே தேடிப் பிடிக்கிறேன். வேறு யாராவது சேர்ந்து படிப்பதானாலும் சொல்லுங்கள், தேதி எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.